புக்கிட் மேரா ஏரியில் ஒரு கல்லூரி வகுப்பு: களப்பயணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்து வயல்வெளியும் செம்பனைத் தோட்டங்களும் சந்திக்கும் இடத்தில் பாகான் செராய் அமைந்துள்ளது. ஊருக்கு ஒருபுறம் கடற்கரைவரை நெல்வயல். மறுபுறம் போண்டோக் தஞ்சோங், செலாமா வரை செம்பனையும், இன்னும் வெட்டப்படாமல் எஞ்சி நிற்கும் ரப்பர் மரங்களும். இவ்வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் வட்டார ஆய்வு பயிலும் வகுப்பு, புக்கிட் மேரா ஏரிக்கு மேற்கொண்ட ஒருநாள் களப்பயணத்தைத் துணை விரிவுரையாளராக உடன்சென்று கவனித்ததன் அடிப்படையில் இவ்வாய்வு எழுதப்படுகிறது. மாணவர்களில் பெரும்பாலோர் தோட்டக் குடும்பங்களின் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையினர். லயத்து வீட்டில் பிறந்து, தோட்டம் கைமாறியபோதோ பெற்றோர் வேலையை விட்டபோதோ தாமான் (நகர்ப்புறக் குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தைப்பிங்குக்கு ரயிலில் போகும்போது ஏரியைப் பார்க்காதவர் அவர்களில் அநேகமாக எவரும் இல்லை. ஆனால் அணைக்கரைக்குப் போயிருக்கிறீர்களா என்று பயணத்துக்கு முன் கொடுத்த வினாத்தாளில் கேட்டபோது, ஆம் என்று ஒருவரும் எழுதவில்லை.

பயணத்தின் முக்கிய விளைவை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பாடத்திட்டம் கேட்டபடி வகுப்பு இயற்கைக் குழு என்றும் வரலாற்றுக் குழு என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, இரு குழுக்களுக்கும் வெவ்வேறு பணித்தாள்கள் தரப்பட்டிருந்தன. பிற்பகலுக்குள் அந்தப் பிரிவினை நிற்க இடமில்லாமல் போயிற்று. மாணவர்களின் கவனக்குறைவோ நேரப் பற்றாக்குறையோ அதற்குக் காரணம் அன்று. இந்த ஏரியில் ஒரு குழு எழுப்பும் கேள்விக்கு விடை எப்போதும் மற்றக் குழுவின் தாளிலேயே இருந்தது என்பதுதான் காரணம். அது எவ்வாறு நேர்ந்தது என்பதையே கீழே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

ஏரியின் பின்னணி

புக்கிட் மேரா தானாக உண்டான ஏரி அன்று. கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்திற்காகக் குராவ் ஆற்றின் குறுக்கே மண் அணை எழுப்பித் தேக்கிய நீர்த்தேக்கம் அது. 1906இல் பயன்பாட்டுக்கு வந்தது. மலாயாவில் அரசாங்கம் மேற்கொண்ட முதல் பெரிய பாசனத் திட்டமும் இதுவே. அந்நாளில் பாசனத்துக்கெனத் தனித்துறை எதுவும் கிடையாது. வடிகால், நீர்ப்பாசனத் துறை 1932இல்தான் உருவானது. அதுவரை பொதுப்பணித் துறையே அணையையும் கால்வாய்களையும் கவனித்து வந்தது. பிந்தாங் மலைத்தொடரில் பிறக்கும் குராவ் ஆறு போண்டோக் தஞ்சோங் வழியாக வந்து இங்கே தேங்குகிறது. அணையின் மதகுகளைத் தாண்டியதும் கால்வாய்களில் பிரிந்து கிரியான் வயல்களுக்குப் பாய்கிறது. எஞ்சிய நீர் கோலா குராவில் கடலைச் சேர்கிறது.

இவ்வளவு பெரிய திட்டத்துக்குக் கிரியான் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது வரலாற்றுக் குழுவுக்குத் தரப்பட்ட முதல் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் கடலோரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. ஐரோப்பியர் நடத்திய கரும்புத் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள் வேலை செய்தார்கள். அதே காலத்தில் உள்நாட்டில் வெள்ளீயச் சுரங்கங்கள் பெருகிக்கொண்டிருந்தன. சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்த அரசாங்கம், அவர்கள் உண்ணும் அரிசியையும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்க வேண்டியிருந்தது. கிரியானின் தாழ்ந்த களிமண் நிலம் நெல்லுக்கு ஏற்றது. போர்னியோவிலிருந்து வந்த பஞ்சார் மக்களும் மலாய்க்காரர்களும் அங்கே காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்தனர். 1880களில் பாகான் செராயில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் குடியமர்த்திய தமிழ்க் குடும்பங்களும் நெல் பயிரிட்டன. ஆயினும் மழை தவறிய ஆண்டுகளில் விளைச்சலும் தவறியது. அந்த ஒரு குறையைத் தீர்க்கவே அணை கட்டப்பட்டது.

தோட்டப் பிள்ளைகளின் கண்ணோட்டத்தில் இந்தப் பின்னணிக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் கரும்பை ரப்பர் விழுங்கிவிட்டது. ரப்பர் விலை ஏறியபோது நெல் நிலமும் தப்பியிருக்காது. நெல் நிலத்தை வேறு பயிருக்கு மாற்றக்கூடாது என்று பேராக் அடங்கிய கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் 1917இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. அடுத்த இரண்டொரு ஆண்டுகளிலேயே மலாயா கடுமையான அரிசித் தட்டுப்பாட்டைச் சந்தித்தது. அணைக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயலாகவும், அணைக்கு மேலே தோட்டமாகவும் இவ்வட்டாரம் பிரிந்து கிடப்பதில் மண்ணின் தன்மைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அந்தச் சட்டத்துக்கும் உண்டு. பணித்தாளில் இது ‘வரலாறு’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. ரயில் சன்னலிலிருந்து மாணவர்கள் கண்ட நிலக்காட்சியோ ‘இயற்கை’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. முதல் விரிசல் அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

காலை: ரயிலும் படகும்

பயணம் பாகான் செராய் நிலையத்திலிருந்து கொமுட்டர் ரயிலில் தொடங்கியது. கமுந்திங் வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் ஏரிக்குத் திரும்புவது ஏற்பாடு. வீண்சுற்று என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஏரியின் பரப்பை உணர அதைவிட நல்ல வழி இல்லை என்றே கருதுகிறேன். மின்மய இரட்டைப் பாதைக்காகக் கட்டப்பட்ட பாலம் ஏரியின்மீது ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீள்கிறது. அதற்கு முந்தைய பாதை தண்ணீருக்கு நடுவே மண்கரையில் ஓடியது. அந்தக் கரையே ஏரியை இரு பகுதிகளாகப் பிரித்தும் வைத்திருந்தது. பிறை நகரிலிருந்து சிரம்பான்வரை ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். அணை பயன்பாட்டுக்கு வந்தது 1906இல். ஏரிமேல் பாதை போடப்பட்டது என்றே அதுவரை எல்லாரும் எண்ணியிருந்தனர். பாதை போட்ட இடத்துக்குத்தான் பிறகு தண்ணீர் வந்தது என்பதை வரலாற்றுக் குழுவின் மாணவி ஒருத்தி இரண்டு ஆண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

ஏரியை அடைந்ததும் இயற்கைக் குழு வாடகைப் படகுகளில் ஏறியது. தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கித் தட்டை மாணவர்களே செய்துகொண்டு வந்திருந்தார்கள்: பெயிண்ட் டின்னின் மூடியை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசி, நடுவே துளையிட்டு, நைலான் கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அடியில் தொங்கவிட்ட கல் முதலில் போதவில்லை. மூடி நீரில் சாய்ந்துகொண்டே இறங்கியது. படகுக்காரர் மீன்வலையின் ஈயக் குண்டுகள் சிலவற்றைக் கொடுத்த பிறகே நேராக நின்றது. ஆறு வந்து சேரும் பக்கத்தில் தண்ணீர் சாயத்தேநீரின் நிறத்தில் இருந்தது. சதுப்புக் காட்டில் மட்கிய இலைதழைகளின் ஊறல் அது. அதனால் நீருக்கு இலேசான அமிலத்தன்மையும் வருகிறது. அந்தப் பக்கத்தில் தட்டு சில முடிச்சுகளிலேயே மறைந்தது. அகன்ற நீர்ப்பரப்பில் இன்னும் சற்று ஆழம்வரை தெரிந்தது.

கரையோரம் ராசாவ் என்று மலாயில் சொல்லப்படும் நீர்த்தாழை அடர்ந்து நின்றது. அதன் வேர்களில் ஒரு முழ உயரத்துக்கு மேலே, நீர் இருந்து இறங்கியதைக் காட்டும் சேற்றுக்கோடு வட்டமிட்டிருந்தது. பாலத்தின் தூண்களிலும் அதே கோடு. இயற்கைக் குழு அதைப் படமெடுத்து, பணித்தாளில் ‘வறட்சியின் அடையாளமாக இருக்கலாம்’ என்று குறித்தது. அந்த ஊகத்தில் பிழை காண முடியாது. 2016ஆம் ஆண்டின் எல் நினோ வறட்சியில் இந்த ஏரி வெகுவாக வற்றியதை அவர்கள் செய்திகளில் படித்திருந்தார்கள். பறவைப் பட்டியலில் செந்நாரையும் மீன்கொத்தியும் சேர்ந்தன. அதற்குமேல் அந்தப் பட்டியல் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை.

தண்டவாளத்துத் தாத்தா

குழுக்கள் கலந்தது சாப்பாட்டு வேளையில். வரலாற்றுக் குழு நேர்காணலுக்காக ஒரு மாணவியின் தாத்தாவை அழைத்து வந்திருந்தது. அவர் தண்டவாளத்தைப் பராமரிக்கும் ரயில்வே கேங்கில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், பழைய மண்கரைப் பாதையில் பல காலம் நடந்தவர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கதைகளை எதிர்பார்த்தே வினாக்களைத் தயாரித்திருந்தார்கள். அவற்றில் அவருக்கு அவ்வளவாக ஆர்வம் இல்லை. ஏரி நிரம்பினால் பாதைக்கு ஆபத்து வருமா தாத்தா என்று இயற்கைக் குழுவைச் சேர்ந்த ஒரு மாணவி குறுக்கே கேட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆபத்துன்னு இல்லம்மா. கரை ஊறும். ஊறினா சல்லி இறங்கும், சல்லி இறங்கினா தண்டவாளம் ஒரு பக்கமா சாயும். மழைக்காலத்துல கோலால குத்திப் பாத்துக்கிட்டேதான் நடப்போம். வயலுக்குத் தண்ணி தொறந்து விட்டாங்கன்னா ஏரி இறங்கிடும். அப்பத்தான் எங்களுக்குத் தூக்கம்.”

மாணவி தன் கைப்பேசியில் இருந்த சேற்றுக்கோட்டின் படத்தைக் காட்டினாள். “இது வறட்சியாலயா தாத்தா?” என்றாள். அவர் படத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த மாசத்துல என்ன வறட்சி? நடவுக்குத் தொறந்திருப்பாங்க,” என்றார்.

கிரியான் வயல்களில் ஆண்டுக்கு இருபோகம் விளைகிறது. ஒவ்வொரு போகத்துக்கும் நிலத்தை நனைத்து உழவும் நாற்று நடவும் தண்ணீர் திறந்துவிடும் அட்டவணை உண்டு. அணைக் கரைக்குச் சென்று மதகுகளைப் பார்த்த பிறகு மாணவர்கள் பாகான் செராய் திரும்பும் வழியில் வயல்களைக் கவனித்தார்கள்: வரப்புகளுக்கிடையே தண்ணீர் தேங்கி, சேறு அப்போதுதான் கலக்கப்பட்டிருந்தது. தாத்தா சொன்னதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. தாழை வேர்களில் கண்ட கோட்டை எழுதியது வெயில் அன்று, பாசன அட்டவணை. இயற்கைக் குழுவின் மிக நுட்பமான அவதானிப்புக்கு விளக்கம் உழவுக் காலண்டரில் இருந்தது; வரலாற்றுக் குழுவின் மிகப் பயனுள்ள நேர்காணலோ, ஊறிய மண்கரையைப் பற்றியதாக, அதாவது நீரியல் பற்றியதாக முடிந்தது. அன்று மாலை இரு குழுக்களும் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவர்களிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

தோட்டம் நின்ற பக்கம்

அணைக்கு மேலே தோட்டம், கீழே வயல் என்ற அமைப்பு கலந்துரையாடலில் சற்றுச் சூட்டைக் கிளப்பியது. ஏரி ஆழமற்றது, மேட்டுநிலத்தில் எங்கே காடு அழிந்து மண் திறந்தாலும், எங்கே செம்பனைக்கு மறுநடவு செய்ய நிலம் வெறுமையாக்கப்பட்டாலும், அந்த வண்டல் மழையோடு ஆற்றில் இறங்கி அணைக்குப் பின்னால்தான் படியும். உரமும் அப்படியே: வேருக்குச் சேராத நைட்ரஜனும் பாஸ்பரசும் நீர்ச்செடிகளுக்கு விருந்தாகி, அவை கால்வாய்களை அடைக்கும் அளவுக்குப் பெருகுகின்றன. இதை விரிவுரையாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் மண்டோராக, அதாவது தொழிலாளர் மேற்பார்வையாளராக, இருக்கும் ஒருவரின் மகன் எழுந்தான். தன் அப்பா வேலை செய்யும் தோட்டத்தில் ஓடைக்கரையோர மரங்களில் சிவப்பு வளையம் பூசியிருக்கிறது, அந்த மரங்களுக்கு உரம் போடவும் மருந்தடிக்கவும் கூடாது, மீறினால் திட்டு மண்டோருக்குத்தான் விழும் என்றான். தோட்டம் என்றாலே ஏரிக்குக் கேடு என்று பாதி வகுப்பு எழுதத் தொடங்கியிருந்தது. அவன் சொன்னதற்குப் பிறகு, எந்த நடவடிக்கை கேடு விளைவிக்கிறது, எது அதைத் தடுக்கிறது என்று பிரித்து எழுதினார்கள். பாடநூல் தராத செய்தியை ஒரு மாணவனின் வீடு தந்தது. தோட்டப்புற வகுப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது, ஆனால் பணித்தாள்களில் அதற்கென ஒரு கட்டம்கூட இருப்பதில்லை.

கெலிசா

பயணத்தில் எதிர்பாராமல் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது ஒரு மீன். ஆசிய அரோவானா, மலாயில் கெலிசா, தீபகற்பத்தில் புக்கிட் மேராவின் பெயரோடு பிணைந்தது. முதுகுவரை பொன்னிறச் செதில் ஏறும் வகை இவ்வட்டாரத்தது. டிராகனை ஒத்த தோற்றத்தால் அதிர்ஷ்டம் தரும் என்று நம்பப்பட்டு, வளர்ப்பு மீனாகப் பெரும் விலைக்குப் போகிறது. 1975 முதல் அது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டு மீனைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்க முடியாது. பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் பொருத்தப்பட்ட மீனையே ஏற்றுமதி செய்யலாம்.

இம்மீன் ஏன் இவ்வளவு எளிதில் அருகியது என்று மாணவர்கள் கேட்டார்கள். பெண் மீன் இடும் முட்டைகள் குறைவு, அளவில் பெரியவை. அவற்றை ஆண் மீன் வாயில் ஏந்தி, குஞ்சு பொரித்துத் தாமாக நீந்தும்வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் காக்கிறது. அந்நேரத்தில் ஒரு ஆண் மீனைப் பிடித்தால் ஒரு குடும்பமே கையில் சிக்கும். கெலிசாவுக்கு வேண்டியது மெதுவாக நகரும் இலேசான அமில நீரும் நிழலும். குராவ் ஆற்றோரச் சதுப்புக் காடு இவற்றைத் தந்தது. அணை கட்டியபோது அந்தக் காட்டின் ஒரு பகுதி நீருக்குள் போயிற்று. அப்படியானால் அணை மீனுக்கு வாழ்விடம் தந்ததா, பறித்ததா என்று விவாதம் நீண்டது. முடிவு எட்டப்படவில்லை. ஆனால் நீர்மட்டம் ஆண்டுதோறும் பாசனத்துக்காக ஏறி இறங்கும் இடத்தில் கரையோர நிழலை நம்பி வாழும் உயிருக்கு என்ன நேரும் என்ற கேள்வியில் இரு குழுக்களும் ஒன்றாக நின்றன. என் கணிப்பில் அன்றைய நாளின் உயரமான கட்டம் அதுதான்.

ஏரியில் ஒராங் ஊத்தான் தீவு ஒன்று உண்டு. பல பள்ளிகளின் பயணம் அதற்காகவே அமைகிறது. இந்த வகுப்பு அதைத் தவிர்த்தது. ஒராங் ஊத்தான் போர்னியோவுக்கும் சுமாத்ராவுக்கும் உரியது. தீபகற்பக் காடுகளில் இன்று அது இயற்கையாக வாழவில்லை. தவிர்த்தது சரியே. அங்கே சென்றிருந்தால் அறிக்கைகளில் பாதி குரங்கைப் பற்றியதாக இருந்திருக்கும்.

மதிப்பீடும் மாற்றங்களும்

சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கைகள் தரத்தில் மிகவும் வேறுபட்டன. தேறாதவை செடிப் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதியவை. அவற்றில் 1906 என்பது ஒரு தேதி, தாழை என்பது ஒரு செடி, இரண்டுக்கும் இடையில் ஒன்றுமில்லை. சிறந்தவை நீர்மட்டத்தைப் பிடித்துக்கொண்டன: மட்டத்தை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவு எந்தப் பயிருக்காக, அதன் விளைவை எந்த உயிர் ஏற்கிறது. நாற்று நடவு முடிந்து மதகு மூடப்படும் காலத்தில் சேற்றுக்கோடு மீண்டும் மூழ்குகிறதா என்று பார்க்கத் தாமாகவே ஏரிக்குப் போய் வந்த இருவரின் அறிக்கை எல்லாவற்றையும்விடச் சிறந்திருந்தது.

குறைகளும் உண்டு. படகுப் பயணம் முடிந்த பிறகு நேர்காணலை வைத்ததால், தாத்தா சொன்னதைக் கொண்டு ஏரியை மறுபடி பார்க்க வாய்ப்பில்லாமல் போயிற்று. காலையில் அவர் பேசியிருந்தால் படகிலிருந்த கண்கள் வேறுவிதமாகப் பார்த்திருக்கும். செக்கித் தட்டின் அளவுகளை ஒவ்வொரு படகும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்ததால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. அணைக்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு. அன்றைய பாடம் முழுவதும் மதகுகளில்தான் இருந்தது, அங்கே மாணவர்கள் நின்றதோ ஒரு சிற்றுண்டி நேரத்துக்குள்.

அடுத்த வகுப்புக்கான ஏற்பாட்டில் குழுப் பிரிவினை நீக்கப்படுகிறது. பயணம் இரண்டாகப் பிரிக்கப்படும்: ஒன்று நடவுக்கு நீர் திறக்கும் காலத்தில், மற்றது மதகுகள் மூடி ஏரி நிரம்பும் காலத்தில். பாசன அட்டவணையை நீர்ப்பாசனத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பின்னரே நாள் குறிக்கப்படும். நேர்காணல் முதலில், படகு பிறகு. தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் உள்ள மாணவர்கள், ஓடைக்கரை மரங்களில் வளையம் இருக்கிறதா, அதை யார் பூசுகிறார்கள், மறுநடவின்போது எத்தனை வரிசை மரங்களை விட்டுவைக்கிறார்கள் என்பதை வீட்டில் கேட்டு வர வேண்டும். இரண்டு பணித்தாள்களுக்குப் பதிலாக ஒரே தாள் தரப்படும். அதன் முதல் வரியில், மற்ற எதையும் எழுதுவதற்கு முன், அணையின் அளவுகோலில் அன்று காணும் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும்.